மெட்டுகுடாவும் குறிமொழியின் பண்புகளும்

நாகோலிலிருந்து அமீர்பேட்டை நோக்கி 2017 நவம்பர் 29 முதல் ஓடிவரும் ஹைதராபாத் மெட்ரோ ரயில் நின்று செல்லும் மெட்டுகுடா நிலையத்தை, உலகத்தார் பலர் கூடி வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் நிலப்படத்தில் ஒரு புள்ளியாகக் குறித்து, அப்புள்ளியை 1998-இல் வகுக்கப்பட்ட எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் எழுதினால் எப்படியிருக்கும் என்று பார்ப்போம்.

அம்மொழியில் கோண அடைப்புக்குள் பெயரிட்டுத் தொடங்கும் பகுதிக்கு உறுப்பு என்று பெயர். அத்தொடக்கக் குறிக்குள்ளேயே ஒரு பெயர், சமக்குறி, மேற்கோளுக்குள் ஒரு மதிப்பு என்று எழுதப்படுவது பண்பு. உறுப்பின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே நிற்பது தரவு, பண்போ அத்தரவைப் பற்றிய மீத்தரவு என்பது மாணவர்க்குச் சொல்லும் பாலபாடம். குறிகளையெல்லாம் அழித்த பின்னும் மூலம் எஞ்ச வேண்டும் என்ற இச்சோதனை, கதை கட்டுரைகளில் பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

நிலப்படத்திலோ, குறிகளை அழித்தால் மெட்டுகுடாவே அழிந்துபோகிறது! அட்சரேகை ஏறத்தாழ 17.4, தீர்க்கரேகை 78.5 என்பன பண்புகள். அவற்றோடு ஒரே பந்தியில், பதிப்பு எண்ணும், கடைசியாகத் திருத்திய நேரமும், திருத்தியவரின் பயனர்பெயரும் பண்புகளாகவே அமர்ந்திருக்கின்றன. முன்னவை இல்லையேல் புள்ளியே இல்லை. பின்னவை அப்புள்ளியின் சரித்திரம் மாத்திரமே. நிலையத்தின் பெயராவது இடையில் நிற்குமென்றால், அதற்கென உள்ளே வரும் சிற்றுறுப்பும் வெறுமையானது: பெயர் என்ற திறவுச்சொல் ஒரு பண்பு, மெட்டுகுடா என்ற மதிப்பு இன்னொரு பண்பு.

இந்த ஏற்பாட்டில் தத்துவம் குறைவு, இலக்கண நிர்ப்பந்தமே அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஓர் உறுப்பில் ஒரே பெயருள்ள பண்பு இருமுறை வரலாகாது. பண்பின் மதிப்புக்குள் வேறோர் உறுப்பைப் பொதியவும் இயலாது. புள்ளிக்கு அட்சரேகை ஒன்றே ஆதலால் அது பண்பாக அடங்கிவிடுகிறது. தெலுங்குப் பெயர், உருதுப் பெயர், சக்கர நாற்காலி செல்லுமா என்ற விவரம் என எல்லையின்றிப் பெருகுபவற்றுக்குச் சிற்றுறுப்புகளே தோதானவை. எழுதிய இடத்தைக் கொண்டு மீத்தரவென்று முத்திரை குத்துவது, ஆகையால், அவசரத் தீர்ப்பு.

திருத்தியவர் யாரென்பது ரயிலைப் பிடிக்க ஓடும் பிரயாணிக்கு அநாவசியம். விஷமமாக ஊர்ப்பெயர்களை மாற்றியவரைத் தேடும் தொண்டருக்கோ, அந்தப் பயனர்பெயரும் நேரமுமே தரவு, மெட்டுகுடா எங்கே இருக்கிறது என்பது அதற்கு ஒரு துணைக்குறிப்பு.