எஞ்சினுக்கும் ஒரு தராசு உண்டு

மன்னார்த் தீவு என்றதும் வெளியூர்க்காரருக்கு நினைவு வருவது கழுதையும் காற்றும். அரபு வணிகர்கள் கொண்டு வந்தவை என்று முன்னோர் சொல்லும் அந்தக் கழுதைகள் இன்றும் தெருவில் திரிகின்றன. ஆனால் சுமையை இப்போது சுமப்பது மோட்டார் சைக்கிள்தான். விடியலில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு தாம்போதியைக் கடப்பதும் அது. பிள்ளைகளை மத்ரஸாவில் இறக்கி விடுவதும் அது. 1990 ஒக்டோபரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு, நெடுங்காலம் புத்தளத்தில் வாழ்ந்து, மீண்டு வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த வண்டிதான் பிழைப்பு.

அன்புள்ள வாசகர்களே! அப்படிப்பட்ட வண்டியின் எஞ்சினைப் பிரித்து, "வலுவைக் கூட்டிக் கட்டப் போகிறேன் வாப்பா" என்று உங்கள் மகன் காசு கேட்டால் என்ன சொல்வீர்கள்? கூடாது என்று அதட்டுவது எளிது. "எவ்வளவு கூடும்? அதை அளந்தது யார்?" என்று கேட்பதே அறிவு.

குதிரை வலு என்பது என்ன?

18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட் தமது நீராவி எஞ்சினின் வேலையைக் குதிரையின் வேலையோடு ஒப்பிட்டுக் கணக்குச் சொன்னார். ஒரு நிமிடத்தில் 33,000 இறாத்தல் எடையை ஓர் அடி உயர்த்துவது ஒரு குதிரை வலு. நம் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 75 கிலோ எடையுள்ள ஓர் ஆளை ஒரே விநாடியில் ஒரு மீற்றர் தூக்கும் வேலை. இது 746 வாற். சாதாரண 100 சி.சி. மோட்டார் சைக்கிளின் வலு சுமார் 8 குதிரை, அதாவது 6 கிலோவாற். மன்னாரின் தென்கரையில் 2020 இல் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைகளில் ஒன்றின் உச்ச வலு 3,450 கிலோவாற்!

வலுவை நிறுக்கும் கருவி

அரிசியைத் தராசில் நிறுப்பதுபோல எஞ்சினின் வலுவை நிறுக்கும் கருவிக்கு டைனமோமீற்றர் என்று பெயர், சுருக்கமாக டைனோ. 1821 இல் பிரான்ஸின் புரோனி என்ற பொறியியலாளர், சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, அது முறுக்கும் விசையை எடைக்கல்லால் அளந்தார். இன்றைய டைனோவில் மோட்டார் சைக்கிளை அசையாமல் கட்டிவிட்டு, பின்சக்கரத்தை ஒரு கனமான உருளையின் மேல் ஓட விடுகிறார்கள். உருளை எவ்வளவு விரைவாக வேகம் எடுக்கிறது என்பதிலிருந்து வலு கணக்காகிறது. எந்தச் சுழற்சி வேகத்தில் எவ்வளவு வலு என்பது ஒரு வளைகோடாகத் தாளில் வந்துவிடும்.

இதிலும் கவனம் வேண்டும். கம்பனி சொல்லும் வலு எஞ்சின் தண்டில் அளந்தது. சக்கரத்தில் அளந்தால், கியரிலும் சங்கிலியிலும் கழிந்தது போக மீதிதான் தெரியும். வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்றில் எஞ்சினுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் குறைவதால் வலுவும் குறையும். ஆகவே வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில், ஒரே விதமான நிலையில் அளந்தால்தான் அது நீதியான அளவு.

எது கூட்டும், எது ஏமாற்றும்?

சைலன்ஸரை மாற்றினால் சத்தம் நிச்சயம் கூடும். காது அதை வேகம் என்று நம்பும். ஆனால் நாம் அன்றாடம் ஓட்டும் நடுத்தர வேகத்தில் இழுவை குறைந்திருப்பதைப் பல வேளை டைனோ காட்டிவிடும். ஸ்ப்ரொக்கட்டை மாற்றினால் இழுவை கூடி ஓட்டம் குறையும், அல்லது ஓட்டம் கூடி இழுவை குறையும். எஞ்சினின் வலு அதேதான். 92 ஒக்டேன் போதுமான எஞ்சினுக்கு 95 ஊற்றுவதால் வலு பெருகாது. சிலிண்டரைப் போர் பண்ணிப் பெரிய பிஸ்டன் போட்டால் வலு உண்மையிலேயே கூடும். கூடவே சூடும் தேய்மானமும் கூடும். காற்று வடிகட்டியைக் கழற்றுவதோ நம் கரைக்கு ஆகவே ஆகாது. பறக்கும் நுண்மணல் உள்ளே போய் ரிங்கையும் சிலிண்டரையும் அராவிவிடும்.

இன்னொரு கணக்கையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். வேகம் கூடக் கூடக் காற்றின் தடையைத் தள்ளத் தேவையான வலு வேகத்தின் மும்மடிக்கு ஏற்பப் பெருகுகிறது. அதனால் வலுவை நூற்றுக்குப் பத்துக் கூட்டினாலும் உச்ச வேகம் நூற்றுக்கு மூன்று அளவே கூடும். 80 கிலோமீற்றர் ஓடியது 82 அல்லது 83 ஓடும். இதற்காகவா உம்மாவின் நகை அடகுக்குப் போக வேண்டும்? மறுபக்கம், 60 இல் நிறுத்துவதற்கும் 80 இல் நிறுத்துவதற்கும் பிரேக் அடக்க வேண்டிய சக்தி ஏறக்குறைய 1.8 மடங்கு. பக்கக் காற்று வீசும் தாம்போதியில் இது விளையாட்டல்ல.

அளவும் அமானிதமும்

அளவையில் குறைப்போரை எச்சரிக்க அல்குர்ஆனில் ஒரு தனி ஸூராவே உண்டு. 83ஆவதான ஸூரத்துல் முதஃப்பிஃபீன். தனக்கு வாங்கும்போது நிறைத்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்போரை அது கண்டிக்கிறது. அந்த எச்சரிக்கை அரிசிக் கடையோடு நிற்பதா? அளக்காமலே "ஐந்து குதிரை கூட்டித் தந்தேன்" என்று காசு வாங்கும் கராஜ்காரரும் அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே, வலுவைக் கூட்டித் தருவதாகச் சொல்பவரிடம் முன்னும் பின்னும் அளந்த இரண்டு தாள்களைக் கேளுங்கள். எஞ்சினையே மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவிலும் மாற்றுங்கள். இல்லையேல் விபத்து நேர்ந்தால் காப்புறுதி சிக்கலாகலாம். டைனோ கிடைக்காவிட்டால், கம்ப்ரெஷன் மீற்றரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த ரிங், கசியும் வால்வு, அடைந்த கார்பரேட்டர், தளர்ந்த சங்கிலி ஆகியவற்றைச் சரி செய்தாலே, இழந்த வலுவில் பெரும்பகுதி திரும்பிவிடும். எஞ்சிய காசுக்கு நல்ல பிரேக்கும் நல்ல ஹெல்மெட்டும் வாங்குங்கள். பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம். வீட்டிலிருந்து போன பிள்ளை பத்திரமாகத் திரும்பி வர வேண்டும்.