பெரிய வெள்ளிப் பாட்டும் மியூனிக் இசைத்தட்டும்

பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில், முள்முடி சூடிய இயேசுவின் சிரசைப் பார்த்துப் பாடும் பாமாலை ஒன்று உண்டு. எங்கள் ஆலங்குளத்திலும் சரி, சிவகாசி, சாட்சியாபுரம் பக்கத்திலும் சரி, பெரியவர்கள் புத்தகத்தைத் திறக்காமலே பாடிவிடுவார்கள். பாடகர் குழுவில் பாஸ் குரல் பாடுகிற எனக்கு, அதன் முதல் அடியிலேயே நெஞ்சு கனத்துவிடும்.

அந்த மெட்டு ஜெர்மனியில் பிறந்தது. 1601இல் ஹாஸ்லர் என்ற இசையமைப்பாளர் ஒரு காதல் பாட்டுக்கு அமைத்தது. பிறகு கெர்ஹார்ட் என்ற பாடலாசிரியரின் சிலுவைப் பாட்டுக்கு உரியதாயிற்று. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க், பின்னால் வந்த பெப்ரிஷியஸ் முதலான மிஷனரிகளின் காலத்தில் ஜெர்மன் ஞானப்பாட்டுகள் மெட்டோடு தமிழுக்கு வந்தன. தரங்கம்பாடி மிஷன் வேர்பிடித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில்தான், லைப்சிக் நகரில் இசையமைப்பாளர் பாக் இதே மெட்டை 'மத்தேயுவின்படி பாடுகள்' என்ற தம் படைப்பில் ஐந்து இடங்களில் வைத்தார். 1727 பெரிய வெள்ளியன்று அது தோமா ஆலயத்தில் ஒலித்தது.

இந்த வகைப் படைப்பில் வேஷம் இல்லை, திரை இல்லை. நம் ஊர்க் கதாகாலட்சேபம் போல ஒருவர் கதையைச் சொல்லிக்கொண்டே போவார். இரண்டு பாடகர் குழுக்களும் இரண்டு வாத்தியக் குழுக்களும் சீஷர்களாகவும் கூட்டமாகவும் சபையாகவும் மாறி மாறி நிற்கும்.

பாக்கின் இந்தப் படைப்புக்கு எத்தனையோ பதிவுகள் உண்டு. நான் திரும்பத் திரும்பக் கேட்பது 1958இல் மியூனிக்கில் கார்ல் ரிக்டர் நடத்தியது. போதகரின் மகன், லைப்சிக் தோமா ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர், அப்போது வயது 31. கதை சொல்பவராக எர்ன்ஸ்ட் ஹேஃப்லிகர் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக நிறுத்திப் பாடுகிறார். பிற்காலப் பதிவுகள் பல சிறு குழுக்களோடு வேகமாகப் போகின்றன. ரிக்டர் நிதானமாகப் போகிறார். துக்கத்துக்கு அந்த நிதானம் வேண்டும்.

இரண்டு இடங்களை உற்றுக் கேளுங்கள். உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு சொன்னதும் சீஷர்கள், நானா நானா என்று பதினொரு முறை கேட்கிறார்கள். பன்னிரண்டாவது குரல், யூதாஸ், அங்கே இல்லை. உடனே சபையின் பாட்டு, குற்றவாளி நானே என்று பதில் சொல்கிறது. அடுத்து, இயேசு பேசும்போதெல்லாம் தந்தி வாத்தியங்கள் ஒளிவட்டமாகச் சூழ்ந்து வரும். தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கதறும் இடத்தில் மட்டும் அவை விலகிவிடும். அவர் உயிர் விட்டதும் நம்முடைய அந்த மெட்டு, கடைசித் தடவையாக வருகிறது.

முழுவதும் கேட்க மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். மொழி புரியாதே என்று ஒதுக்கிவிடாதீர்கள். மத்தேயு 26, 27ஆம் அதிகாரங்களைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும், கதை கூடவே வரும். நம் பக்கத்துப் பாடகர் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாக் அமைத்த நான்கு குரல் இசையை நம் தமிழ்ப் பாமாலை வரிகளோடு பாடிப் பாருங்கள். மெட்டு ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். வரும் பெரிய வெள்ளிக்கே பாடலாம்.