ஆட்டுமுடியை நம்பி ஏறும் பனிமலை

மறைமலை நகர், ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உராய்வு அன்றாடச் சங்கதி. பிரேக்கில் அது வேண்டும், பேரிங்கில் கூடாது. ஒரே பாகம் ஒரு திசையில் பிடிக்கவும் எதிர்த்திசையில் வழுக்கவும் வேண்டுமென்றால்? பனிச்சறுக்கு மலையேற்றம் இந்தச் சிக்கலை ஆட்டுமுடியால் தீர்த்துக்கொண்டது.

காஷ்மீரின் குல்மார்க்கில் சறுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ரோப்காரில் மேலே போய், ஸ்கீ பலகையில் இறங்குவார்கள். ரோப்காரே இல்லாத மலைகளில்? கிர்கிஸ்தான், கிரீன்லாந்து போன்ற ஆள் நடமாட்டம் குறைந்த இடங்களில் அதே பலகையை மாட்டிக்கொண்டுதான் ஏறவும் வேண்டும். 1888இல் நார்வேயின் நான்சென் தலைமையில் ஆறு பேர் ஸ்கீ துணையோடு கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்கே கடந்தார்கள். 2026 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு மலையேற்றம் பதக்க விளையாட்டாகவும் இடம்பிடித்தது.

ஏறும்போது பலகையின் அடியில் 'ஸ்கின்' என்ற நீளப் பட்டையை ஒட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் அது சீல் தோல். இப்போது அங்கோரா ஆட்டின் முடி அல்லது நைலான். நாயின் முதுகைத் தலையிலிருந்து வாலுக்கு நீவினால் கை வழுக்கும், எதிராக நீவினால் முடி சிலிர்த்துத் தடுக்கும் அல்லவா? அதேதான். பலகை முன்னே நகரும்போது முடி படிந்துகொள்ளும். பின்னே சரியப் பார்த்தால் நிமிர்ந்து பனியைப் பற்றும்.

அடுத்தது பைண்டிங், அதாவது பூட்ஸைப் பலகையோடு இணைக்கும் பாகம். பூட்ஸ் முனையின் இருபுறமும் சின்ன உலோகக் குழிகள் இருக்கும். ஸ்பிரிங் விசையில் இரண்டு பின்கள் வந்து அவற்றில் உட்காரும். ஆஸ்திரியரான ஃபிரிட்ஸ் பார்தல் 1980களில் உருவாக்கிய அமைப்பு இது. ஏறும்போது குதிகால் தூக்கி நடக்கலாம். உச்சியில் ஸ்கின்னை உரித்து, பசைப் பக்கத்தை உள்ளே மடித்து, ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்வார்கள். குளிரில் பசை பிடிப்பை இழந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. பிறகு குதிகாலைப் பூட்டிவிட்டு இறங்க வேண்டியதுதான். விழுந்தால் கால் முறியாதபடி, திருகில் வைத்த அளவைத் தாண்டும் விசையில் பூட்டு விட்டுக்கொடுக்கும்.

கருவிகள் எவ்வளவு தேறினாலும் பனிச்சரிவுக்கு முன் அவை சிறியவை. ஆளைக் கொல்லும் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. சறுக்குவதற்கு ருசியான சாய்வும் அதுவே. அதனால் ஒவ்வொருவரும் புதைந்தவரைத் தேட 457 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் டிரான்சீவர், குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வெட்டி மூன்றையும் சுமப்பார்கள். புதைந்தவரை முதல் 10–15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். மீட்புக் குழு கீழிருந்து வருவதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். பக்கத்தில் நிற்கும் கூட்டாளியே காப்பாற்றியாக வேண்டும். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனி மூடிப் பலியான மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேரில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். பனியில் பழகிய ராணுவத்துக்கே அந்த நிலை.

ஆசைப்படுகிறவர்கள் குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் முதலில் சாதாரணச் சறுக்கைக் கற்கலாம். பிறகு பனிச்சரிவுப் பாதுகாப்புப் பயிற்சி. இரண்டும் முடியும்வரை வழிகாட்டி இல்லாமல் ரோப்கார் எல்லையைத் தாண்டாதீர்கள்.