எழுத வரும் ஆங்கிலம் பேச வருவது எப்படி?

பெங்களூருவிலும் மும்பையிலும் அலுவலகங்களில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மேலதிகாரி கேட்ட விளக்கத்தை அரை மணி நேரத்தில் எழுதி வைத்துவிடுவார்கள். ஆங்கிலப் பத்திரிகையைப் படித்து அடுத்த மேஜைக்காரருக்குச் செய்தியும் சொல்வார்கள். ஆனால் பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்வில் மூன்று பேர் எதிரே உட்கார்ந்து, "இதில் உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் வாயடைத்துப் போகிறது. எழுத்துத் தேர்வில் பாடுபட்டு வாங்கிய மார்க்கு அந்தப் பத்து நிமிடத்தில் வீணாகிறது.

இப்படிப்பட்டவர்களுக்கு மறுபடியும் இலக்கணம் நடத்திப் பயனில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அவர்களைப் பேச வைப்பதே பாடம்.

ரயில் அட்டவணையும் பாடமே

இதற்கு வழிகாட்டிய ஒரு முயற்சி பெங்களூரு பெயரிலேயே உலகப் புகழ் பெற்றது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் 'பெங்களூர் திட்டம்' என்ற சோதனையை நடத்தினார். இலக்கண வரிசைப்படி பாடம் இல்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துக் கேள்வி கேட்டார்கள். முதலில் ஒரு கணக்கை ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து பேசிச் செய்வார். அதே மாதிரி இன்னொன்றை மாணவர் தாமே செய்ய வேண்டும். கவனம் விஷயத்தில் இருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது பிரபுவின் கருத்து. இதை அவர் 1987-ல் நூலாகவும் வெளியிட்டார்.

ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்வது, தெரிந்ததைக் கொண்டு தெரியாததைக் கண்டுபிடிப்பது, தன் கருத்தை எடுத்துச் சொல்வது என்று பயிற்சிகளை அவர் மூன்றாகப் பிரித்தார். ஓரளவு தேறியவர்களுக்கு மூன்றாவதே பெரிதும் தேவை.

மூன்று படிகள்

முதற்படி வாசிப்பு. ஒரு பத்திரிகைக் கட்டுரையை அகராதியைத் தொடாமல் பத்து நிமிடத்தில் படிக்க வேண்டும். எழுதியவர் என்ன சொல்கிறார், அதற்கு என்ன ஆதாரம் தருகிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். தெரியாத சொற்களுக்குப் பொருள் தேடுவது பிறகுதான்.

இரண்டாவது விவாதம். நாலு பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் பேசியாக வேண்டும். ஆசிரியர் நடுவில் குறுக்கிட்டுத் திருத்துவதில்லை. பிழைகளைக் குறித்துக்கொண்டு, கடைசியில் யாருடையது என்று சொல்லாமல் கரும்பலகையில் எழுதித் திருத்துவார். இதனால் கூச்சம் குறைகிறது.

மூன்றாவது மேடைப் பேச்சு. ஐந்து நிமிடம் பேச வேண்டும். கையில் நாலு குறிப்புகள் கொண்ட ஒரு சீட்டு மட்டும் இருக்கலாம். முழுவதையும் எழுதி வந்து ஒப்பிப்பது கூடாது. முடிவில் மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். உண்மையான பரீட்சை அதுதான்.

பச்சை, மஞ்சள், சிவப்பு

1924-ல் அமெரிக்காவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கங்களும் இந்த வழியில்தான் நடக்கின்றன. பெங்களூரு, மும்பை நகரங்களிலும் இவை உண்டு. தயாரித்து வரும் பேச்சுக்குப் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நிமிடம். நேரத்தைக் காட்டப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடையாளம் காட்டுவார்கள். திடீரென்று கொடுக்கும் தலைப்பில் ஒன்றிரண்டு நிமிடம் பேச வேண்டும். "ஆ... ம்..." என்று எத்தனை முறை இழுத்தார் என்று எண்ணவும் ஒருவர் இருப்பார். உறுப்பினர்கள் சந்தா கட்ட வேண்டும்.

சந்தா கட்ட வசதியில்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. ஒரே அறையில் தங்கியிருக்கும் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பழைய பத்திரிகை ஒன்றும் ஒரு கடிகாரமும்தான் செலவு. ஒருவர் பேசும்போது மற்றவர் சிரிப்பதில்லை என்ற ஒரு நிபந்தனையை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த பிறகு தொடங்கினால் பலன் கிடைக்காது. இன்றே தொடங்குவது நல்லது.