சைடு வீல் ஸ்கூட்டர் தூக்கித் தூக்கிப் போடுதா? பின் ஷாக்கை மாத்துறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க!

கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைச் சுற்றியும், தாராசுரம் மார்க்கெட் பக்கமும், சுவாமிமலை ரோட்டிலும் பின்பக்கம் இரண்டு கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டர்களைப் பார்த்திருப்பீங்க. கால் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகள் வேலைக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர உதவுகிற வண்டி இது. தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்களைத் தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாக வழங்கி வருகிறது.

இந்த வண்டி ஓட்டுபவர்கள் பலரும் சொல்கிற புகார், "பின்னாடி ரொம்ப அடிக்குது" என்பதுதான். உடனே மனசில் வருகிற யோசனை, "நல்ல ஷாக் அப்சர்பர் வாங்கி மாட்டிடலாம்." ஆனால் சைடு வீல் வண்டியில் பின் ஷாக்கை மட்டும் மாற்றினால், சொகுசு கிடைப்பதற்குப் பதிலாக வண்டியின் பிடிமானமே போய்விடலாம். ஏன் அப்படி?

சாதாரண ஸ்கூட்டருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண ஸ்கூட்டரில் பின்பக்க எடை முழுவதும் ஒரே சக்கரத்தில் இறங்குகிறது. இன்ஜினும் பின் சக்கரமும் ஒரே தொகுப்பாகச் சேர்ந்து மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தைத் தாங்குவதுதான் ஷாக் அப்சர்பர். ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஆயில், ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்கும்.

சைடு வீல் கிட் மாட்டியதும் கணக்கு மாறிவிடுகிறது. இப்போது பின்பக்க எடையை மூன்று சக்கரங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆனால் வண்டியைத் தள்ளும் சக்தி நடுச் சக்கரத்துக்கு மட்டும்தான் போகிறது. பெரும்பாலான கிட்களில் பக்கச் சக்கரங்களுக்கு பிரேக்கும் கிடையாது. அதாவது, நடுச் சக்கரம் தரையை அழுத்திப் பிடித்தால்தான் வண்டி நகரும். பின் பிரேக்கும் பிடிக்கும்.

ஷாக்கை மாத்தினா என்ன ஆகும்?

மெதுவான ஷாக் போட்டால்: பின்பக்கம் கீழே இறங்கும். எடையில் பெரும்பங்கு பக்கச் சக்கரங்களுக்குப் போய்விடும். வாய்க்கால் கரையிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும்போது நடுச் சக்கரம் பிடிக்காமல் சுற்றும். பிரேக் போட்டால் வண்டி சறுக்கும்.

கடினமான அல்லது நீளமான ஷாக் போட்டால்: பின்பக்கம் மேலே தூக்கும். பக்கச் சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். வண்டி இடமும் வலமும் ஆடும். காலை ஊன்றிச் சமாளிக்க முடியாதவருக்கு அந்த ஆட்டம் ஆபத்து.

பக்கச் சக்கரத்தின் ஸ்பிரிங்கிலும் இதே சிக்கல் உண்டு. அது ரொம்பக் கடினமாக இருந்தால், நடுச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது இரண்டு பக்கச் சக்கரங்களும் வண்டியைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். நடுச் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். ரொம்ப மெதுவாக இருந்தால், வளைவில் வண்டி வெளிப்பக்கமாகச் சாயும். சைடு வீல் ஸ்கூட்டரை பைக் மாதிரி உள்பக்கம் சாய்த்துத் திருப்ப முடியாது என்பதால், வேகமாகத் திரும்பினால் கவிழவும் வாய்ப்பு இருக்கு.

ஆக, இங்கே கேள்வி மெதுவான ஷாக்கா, கடினமான ஷாக்கா என்பது இல்லை. மூன்று சக்கரங்களும் எடையைச் சரியாகப் பிரித்துக்கொள்கின்றனவா என்பதுதான்.

பனியில் ஓடும் பைக்கிலும் இதே கதைதான்!

அமெரிக்காவிலும் கனடாவிலும் சாதாரண டர்ட் பைக்கைப் பனியில் ஓட்ட ஒரு மாற்று கிட் விற்கிறார்கள். முன் சக்கரத்துக்குப் பதில் பனிச்சறுக்குப் பலகை. பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அங்கே ரப்பர் பெல்ட். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உருவான டிம்பர்ஸ்லெட் இதில் பிரபலமான பெயர். 2015-ல் பொலாரிஸ் நிறுவனம் அதை வாங்கியது.

அந்த பெல்ட்டுக்குள் பொதுவாக முன்னும் பின்னுமாக இரண்டு ஷாக் இருக்கும். முன்னால் இருப்பதைக் கடினமாக்கினால் சறுக்குப் பலகையின் மேல் எடை குறைந்து, ஹேண்டில் பிடி கொடுக்காது. மெதுவாக்கினால் பலகை அழுந்தி, திருப்புவது கனமாகிவிடும். அதனால் அங்கே ஷாக்கை மேம்படுத்துபவர்கள் ஒன்றை மாற்றினால் இன்னொன்றையும் சேர்த்துத்தான் செட் செய்வார்கள். பனியோ, வண்டலோ, விதி ஒன்றுதான்.

டெல்டா ரோட்டில் இது ஏன் முக்கியம்?

காவிரி, அரசலாறு, அவற்றின் வாய்க்கால்கள் என்று இங்கே பல கிராமத்து ரோடுகள் கரை மேலேயே போகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டல் மண் ஊறி, ரோட்டின் ஓரம் உள்வாங்கும். தண்ணீர் வடிய ரோட்டை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் போடுவார்கள். சாதாரண ஸ்கூட்டருக்கு இந்தச் சரிவு தெரியவே தெரியாது. சைடு வீல் வண்டியோ ரோட்டோடு சேர்ந்து சாயும். இடதுபக்க ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் சாய்வு இன்னும் கூடும். வண்டி ஓரத்துக்கே இழுக்கும்.

அறுவடை சமயத்தில் ரோட்டில் காயும் நெல்லும் வைக்கோலும் இன்னொரு தொல்லை. நடுச் சக்கரத்தில் எடை குறைவாக இருந்தால், அந்த இடத்தில்தான் முதலில் வழுக்கும்.

உடம்புக்கும் இதில் சம்பந்தம் உண்டு. தண்டுவடம் பாதிக்கப்பட்ட சிலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. தொடர்ந்து அடி வாங்கினாலும் வலி தெரியாது. தோல் புண்ணாகிய பிறகுதான் தெரியவரும். போலியோவால் முதுகு வளைந்தவர்களுக்கும் ஒவ்வொரு குலுக்கலும் சுமை. எனவே "அடிக்குது, பரவாயில்லை" என்று விட்டுவிடவும் கூடாது.

சரி, என்ன பண்ணணும்? வரிசையா பாருங்க

1. காற்று: முதலில் டயரைப் பாருங்க. நடுச் சக்கரத்துக்கு வண்டி நிறுவனம் சொன்ன அளவு, பக்கச் சக்கரங்களுக்கு கிட் நிறுவனம் சொன்ன அளவு. இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கணும். காற்று அதிகமானாலே வண்டி தூக்கிப் போடும்.

2. தேய்மானம்: ஷாக்கில் ஆயில் கசிகிறதா, ரப்பர் புஷ் தேய்ந்திருக்கா, பக்கச் சக்கர பேரிங் ஆடுதா, ஃப்ரேம் போல்ட் லூஸா, வெல்டிங்கில் விரிசல் இருக்கா என்று பார்க்கச் சொல்லுங்க. பல சமயம் கோளாறு இதிலேயே பிடிபட்டுவிடும்.

3. எடைப் பங்கீடு: சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஓட்டுபவர் தினமும் கொண்டுபோகும் ஊன்றுகோல், பையோடு உட்காரட்டும். மூன்று சக்கரமும் தரையைத் தொடணும். அதிக எடை நடுச் சக்கரத்தில் இருக்கணும். பக்கச் சக்கரத்தைக் கையால் சுலபமாகச் சுற்ற முடிந்தால் அதில் எடையே இல்லை என்று அர்த்தம்.

4. ஸ்பிரிங் செட்டிங்: சில ஸ்கூட்டர்களின் பின் ஷாக்கில் ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் படிகள் இருக்கும். ஆள் உட்கார்ந்தால் ஷாக்கின் மொத்த அசைவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இறங்குவது பொதுவான கணக்கு. ஒரு படி மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்க.

5. புது ஷாக்: இதெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் மட்டும் மாற்றுங்க. மேல் ஓட்டைக்கும் கீழ் ஓட்டைக்கும் இடையே உள்ள நீளம் பழையதைப் போலவே இருக்கணும். பக்கச் சக்கர ஷாக் என்றால் இரண்டையும் ஜோடியாக மாற்றணும். மாற்றிய பிறகு மூன்றாவது சோதனையைத் திரும்பவும் செய்யணும்.

சீட்டுக்கு நல்ல மெத்தை போடுவதும் உதவும். ஆனால் உயரம் கூடினால் வளைவில் சாய்வும் கூடும் என்பதை மறக்காதீங்க.

சட்டம் என்ன சொல்லுது?

வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும்படி கட்டமைப்பில் கை வைப்பதைத்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு 'மாற்றம்' என்கிறது. நிறுவனம் கொடுத்த மூல வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தின்படி உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கு இதே பிரிவில் தனி வழி இருக்கு. வண்டியைத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டு, அதன்பின் பதிவு அதிகாரியிடம் ஒப்புதல் வாங்கலாம். கிட் மட்டும் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தில் சான்று பெற்றதாக இருப்பது நல்லது.

தேய்ந்த ஷாக்கை அதே அளவு ஷாக்கால் மாற்றுவது சாதாரண ரிப்பேர் வேலை. கிட் ஃப்ரேமை வெட்டுவது, நீட்டுவது, புதிதாக வெல்டு வைப்பது அப்படி இல்லை. அந்த மாதிரி வேலை என்றால், டிஎன் 68 பதிவு வண்டிக்காரர்கள் கும்பகோணம் ஆர்டிஓ அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்க. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்க. இல்லையென்றால், விபத்து இழப்பீடு கேட்கும் நேரத்தில் பிரச்னை வரலாம்.

அரசு கொடுத்த வண்டியாக இருந்தால், கை வைப்பதற்கு முன்னால் தஞ்சாவூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது. மெக்கானிக் கடையில் ஷாக்கின் விலையைக் கேட்பதற்கு முன்னால், "மூணு சக்கரத்திலும் எடை எப்படி இறங்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்க. அதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுங்க.