அடைப்பான்: தோல் வணிகத்தின் செலவுப் பக்கம்

அடைப்பான் நோய்க் கிருமியின் வித்து ஒன்றின் நீளம் 1 முதல் 1.5 மைக்ரான். ஒரு மில்லிமீட்டர் இடத்தில் 650 வித்துகளுக்கும் மேல் வரிசையாக நிறுத்தலாம். நோயில் செத்த ஆடு, மாட்டின் தோலை உரித்துக் காயவைத்தால் கிருமி சாவதில்லை. வித்தாக மாறி, பல பத்தாண்டுகள் காத்திருக்கும். தோல் கப்பலேறும்போது அதுவும் ஏறும்.

இறங்கும் துறைமுகத்தில் அதை முதலில் தொடுபவர் சுமைதூக்கி. லண்டனில் பெர்மாண்ட்சி தோல் கிடங்குகளை ஒட்டியிருந்த கைஸ் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளிடம் கொப்புளம் கழுத்திலும் முகத்திலும்தான் அதிகம் இருந்தது. மூட்டையைத் தோளில் சுமந்ததற்கான அத்தாட்சி அது. மனிதருக்கு வரும் அடைப்பானில் 100க்கு 95 இந்தத் தோல் வகைதான். ஒன்று முதல் ஏழு நாளில் வலியில்லாத கொப்புளமாகத் தொடங்கி, நடுவில் கரிய பொருக்குத் தட்டும். மருந்தில்லாவிட்டால் 100 பேரில் 20 பேர் வரை சாகலாம். பென்சிலின் போன்ற மருந்து கிடைத்தால் ஒருவர்கூட இல்லை எனலாம்.

மூச்சுவழி போனால் கணக்கு தலைகீழ். 1957இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டரில், இறக்குமதி ஆட்டுமயிரைப் பிரித்த ஆலையில் 9 பேருக்கு நோய் கண்டது. நால்வருக்குத் தோலில்; அவர்கள் பிழைத்தார்கள். ஐவருக்கு நுரையீரலில், அவர்களில் நால்வர் இறந்தார்கள்.

அந்த ஆலையையும் சேர்த்து நான்கு ஆலைகளில் ஆய்வாளர் பிராக்மனின் குழு நடத்திய தடுப்பூசிச் சோதனையில் தொழிலாளர்கள் 1,249 பேர். நோய் கண்டவர் 26 பேர்: போலி ஊசி பெற்றவர்கள் 17, ஊசியே பெறாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்கள் 6, உண்மை ஊசி பெற்றவர்கள் 3. அந்த மூவரில் ஒருவரும் ஆறு ஊசியையும் முடிக்கவில்லை. தடுப்பாற்றல் 92.5 சதவீதம் என்று முடிவு வந்தது. நல்ல எண்தான். ஆனால் அந்த முறையில் ஆறு ஊசிக்கு 18 மாதம், பிறகு ஆண்டுக்கொன்று. தினக்கூலிக்கு வந்து போகும் சுமைதூக்கியை 18 மாதம் யார் தேடிப் பிடிப்பது?

ஊசியைவிடச் சரக்கையே கழுவிவிடுவது மலிவு. கம்பளியில் அதைச் செய்தார்கள். 1921இல் லிவர்பூலில் பிரிட்டிஷ் அரசு திறந்த நிலையத்தில் சோடா, சோப்பு, ஃபார்மால்டிஹைடு என்று அடுத்தடுத்த தொட்டிகளில், ஏறக்குறைய 40 டிகிரி வெந்நீரில் மயிரை அலசி எடுத்தார்கள்.

தோலில் இந்த வழி செல்லாது. ஃபார்மால்டிஹைடு தோலைப் பதனிடும் பொருள். அதில் தோய்த்த பச்சைத்தோல் விறைத்து, பிறகு ஆலைக்காரர் விரும்பும் பதத்துக்கு வராது. சூடேற்றினால் சுருங்கும். மிச்சம் இருந்தவை இரண்டு குளியல்கள். ஷாட்டன்ஃப்ரோ முறையில் 100 பங்கு கரைசலில் 2 பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம், 10 பங்கு உப்பு; சாதாரண வெப்பத்தில் குறைந்தது 40 மணி நேரம் ஊற வேண்டும். கப்பலில் வந்த ஆயிரக்கணக்கான தோல்களை இரண்டு இரவு ஊறப்போட எத்தனை தொட்டி வேண்டும் என்று வியாபாரி கணக்குப் பார்த்திருப்பார்.

சீமோர்-ஜோன்ஸ் முறைக்கு ஒரே நாள் போதும். ஃபார்மிக் அமிலம் 1 சதவீதம், மெர்குரிக் குளோரைடு என்ற பாதரச உப்பு 5,000க்கு 1. அதாவது 100 லிட்டர் தொட்டிக்கு 20 கிராம். ஓர் ஆளைக் கொல்ல 1 முதல் 4 கிராமே போதும் என்பதையும் செலவில் எழுதிக்கொள்ள வேண்டும். இதைவிடப் பெரிய ஓட்டை அடுத்த தொட்டியில் இருந்தது. பாதரசம் வித்தைக் கொல்வதைவிட முளைக்கவிடாமல் கட்டிப்போடுகிறது. மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பது ஆலைகளின் அன்றாட வழக்கம். சல்பைடு பாதரசத்தைப் பறித்துக்கொள்ளும். கட்டு அவிழ்ந்து வித்து மீண்டும் முளைக்கும். துறைமுகத்தில் கட்டிய செலவை ஆலையின் சுண்ணாம்புக் குழி அழித்துவிடும்.

சரக்கைக் கெடுக்காமல் கிருமியை மட்டும் கொல்லும் மலிவான வழி தோலுக்கு அமையாததால், செலவு தொழிலாளியின் கழுத்திலேயே நின்றது.

பெரிய ஆலைகளில் நோய் அருகிய பிறகு, கணக்கு சின்னப் பட்டறைகளுக்கு வந்தது. 2005 டிசம்பரில் நியூயார்க் மேளக் கைவினைஞர் ஒருவர் ஐவரி கோஸ்ட்டிலிருந்து கொண்டுவந்தது நான்கே நான்கு காய்ந்த ஆட்டுத்தோல். முகமூடி இல்லாமல் கத்தியால் மயிரைச் சுரண்டினார். 2006 பிப்ரவரியில் நுரையீரல் அடைப்பானோடு விழுந்தார், பிழைத்தார். அமெரிக்காவில் 1976க்குப் பிறகு இயற்கையாக வந்த முதல் நுரையீரல் அடைப்பான் அது. 2008இல் லண்டனில் மேளம் செய்த ஒருவர் பிழைக்கவில்லை.

2007இல் கனெக்டிகட்டில் கினி நாட்டு ஆட்டுத்தோலை ஒருவர் வீட்டுக் கொட்டகையில் உரசித் தேய்த்தார். அவருக்குத் தோலில் நோய் வந்தது. வீட்டுக்குள்ளும் வித்து போயிருந்தது. இரண்டாவது நோயாளி அந்த வீட்டுக் குழந்தை. இருவரும் குணமானார்கள். நுண்வித்தை மூச்சில் இழுத்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலே 60 நாள் மாத்திரை விழுங்க வேண்டும். வித்து நுரையீரலில் வாரக்கணக்கில் முளைக்காமல் கிடக்கும் என்பதால் அத்தனை நாள்.