வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் போகும் கார்! வீட்டில் கார் கட்டுபவர்களை ஸ்டீயரிங் படுத்தும் பாடு

ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்புகிறீர்கள். கார் இடப்பக்கம் போகிறது. காமெடி சீன் இல்லை. பழைய காரிலிருந்து கழற்றிய ஸ்டீயரிங் ரேக்கை, யோசிக்காமல் வேறொரு காரில் மாட்டினால் நிஜமாகவே இப்படி நடக்கும்.

பிரிட்டனில் வீட்டு கராஜிலேயே சொந்தமாக கார் கட்டுவது பல பத்தாண்டுகளாகத் தொடரும் பொழுதுபோக்கு. காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 1957-ல் கொண்டுவந்த 'செவன்' கார், உதிரி பாகங்களாக 'கிட்' வடிவில் விற்கப்பட்டது. முழு காராக வாங்கினால் வரி கட்ட வேண்டும், பாகங்களாக வாங்கி நீங்களே பூட்டிக்கொண்டால் வேண்டாம் என்பதுதான் விஷயம். 1973-ல் அதன் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. 1996-ல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதிவிட்டார். 'செவன்' சாயலில் வீட்டில் கட்டும் கார்களுக்கு 'லோகாஸ்ட்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அதிலிருந்துதான். இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து சேஸிஸ், பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டிலிருந்து இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங். இதுதான் ஃபார்முலா.

இன்ஜின் ஓடவில்லை என்றால் கார் நிற்கும், அவ்வளவுதான். ஸ்டீயரிங் தப்பாக இருந்தால் கார் ஓடும். அதுதான் ஆபத்து.

ஏன் எதிர்ப்பக்கம் திரும்புகிறது?

ரேக் என்பது பல் வெட்டிய நீளமான கம்பி. ஸ்டீயரிங் தண்டின் நுனியில் இருக்கும் சின்ன பல்சக்கரம் பினியன். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்ப, பினியன் சுற்றி, ரேக்கை இடமோ வலமோ தள்ளும். ரேக்கின் இரு முனையிலும் இருக்கும் டை ராடுகள் சக்கரங்களைத் திருப்பும்.

சில கார்களில் ரேக் முன் அச்சுக்கு முன்னால் இருக்கும், சிலவற்றில் பின்னால். பின்னால் இருந்தால் பினியன் ரேக்குக்கு மேலே உட்கார வேண்டும்; முன்னால் என்றால் கீழே. இடம் இல்லை, இன்ஜின் இடிக்கிறது என்று ரேக்கை அச்சின் மறுபக்கத்துக்கு அப்படியே நகர்த்தினால் திசை தலைகீழாகிவிடும். நல்லவேளையாக, இந்தத் தப்பு கராஜ் வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே தெரிந்துவிடும். நிஜமான தலைவலி சீக்கிரத்தில் தெரியாத ஒன்று.

அது என்ன 'பம்ப் ஸ்டியர்'?

எஸ்கார்ட் காரின் முன் சஸ்பென்ஷன் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வகை. லோகாஸ்ட்டில் இருப்பதோ மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடித்திருக்கும் 'டபுள் விஷ்போன்'. அதாவது, ஒரு வகை சஸ்பென்ஷனுக்காக அளவெடுத்த ரேக் இன்னொரு வகை சஸ்பென்ஷனுக்கு வருகிறது. அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி.

சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது விஷ்போன்கள் ஒரு வளைவில் ஆடும். டை ராடும் தன் பங்குக்கு ஒரு வளைவில் ஆடும். இரண்டும் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. ஒத்துப்போகாவிட்டால் டை ராடு சக்கரத்தை இழுக்கும் அல்லது தள்ளும். நீங்கள் ஸ்டீயரிங்கை அசைக்கவே இல்லை. ஆனால் சக்கரம் தானாகத் திரும்புகிறது. இதுதான் பம்ப் ஸ்டியர். தெருவுக்குள் ஓட்டும்போது பெரிதாகத் தெரியாது. வேகமாக ஒரு வளைவில் போகும்போது சாலையில் சின்ன மேடு வந்தால், கார் பக்கத்து லேனுக்குப் பாயலாம்.

கண்டுபிடிக்கும் வழி மட்டும் எளிது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரம் பூட்டும் ஹப்பில் ஒரு தட்டைப் பலகையை மாட்டி, ஜாக்கியால் 10 மி.மீ. 10 மி.மீ. ஆக உயர்த்தி, பலகையின் முன்முனையும் பின்முனையும் எவ்வளவு நகர்கின்றன என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். ஏறும்போது ஒரு பக்கமும் இறங்கும்போது எதிர்ப்பக்கமும் திரும்பினால், ரேக்கின் உயரம் தப்பு. அடியில் மெல்லிய ஷிம் தகடு வைத்து ஏற்றலாம், இறக்கலாம். ஏறினாலும் இறங்கினாலும் ஒரே பக்கம் திரும்பினால், டை ராடின் நீளம் தப்பு. அதற்கு வேறு அகலத்தில் ரேக் வேண்டும், செலவும் கூடும். அதனால்தான் அனுபவசாலிகள் ரேக் பிராக்கெட்டை முதலில் முழுசாக வெல்டிங் செய்வதே இல்லை. லேசாக டேக் வைத்து, அளந்து பார்த்த பிறகுதான் மிச்சம்.

நெஞ்சுக்கு நேராக ஒரு ஈட்டி

பழைய கார்களின் ஸ்டீயரிங் தண்டு ஒரே நீள இரும்புக் கம்பி. முன்பக்கம் மோதினால் அது நேராக டிரைவரின் நெஞ்சுக்கு வரும். மோதினால் மடங்கும் தண்டுகள் அமெரிக்கக் கார்களில் 1960-களின் இறுதியில்தான் பரவலாயின. கிளாசிக் தோற்றத்துக்காகப் பழைய தண்டைத் தேடிப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தண்டை இரண்டு மூன்று துண்டாக்கி, நடுவே யூனிவர்சல் ஜாயின்ட்டுகள் கொடுத்து, கோணமாக இறக்குவது ஒரு தீர்வு. லாரியின் புரொப்பல்லர் ஷாஃப்டில் பார்த்திருப்பீர்களே, அதே கிராஸ் ஜாயின்ட்தான், சின்ன சைஸில். இங்கேயும் ஒரு சிக்கல். ஒரே ஜாயின்ட்டைக் கோணத்தில் வைத்தால் சுழற்சி சீராக வராது. ஸ்டீயரிங் ஒரு இடத்தில் இலகுவாகவும் இன்னொரு இடத்தில் கனமாகவும் இருக்கும். இரண்டு ஜாயின்ட் வைத்து, இரண்டின் கோணமும் சமமாக, கவைகள் ஒரே வாட்டத்தில் இருந்தால் ஒன்றின் கோளாறை இன்னொன்று சரிக்கட்டிவிடும். மூன்றாவது ஜாயின்ட் போட்டால் நடுவில் தாங்க ஒரு பேரிங் கட்டாயம். இல்லாவிட்டால் தண்டு ஊஞ்சல் ஆடும்.

கையை விட்டால் என்ன ஆகும்?

கட்டி முடித்ததும் சாலைக்கு எடுத்துப் போய்விட முடியாது. பிரிட்டனில் 'ஐ.வி.ஏ.' என்ற தனிவாகனச் சோதனையில் தேற வேண்டும். அதில் பலரை வியர்க்க வைப்பது ஸ்டீயரிங் தானாக மையத்துக்குத் திரும்புகிறதா என்பது. மெதுவாக ஓட்டி, ஸ்டீயரிங்கைத் திருப்பி, பிடியைத் தளர்த்துவார்கள். அது நேர்நிலையை நோக்கி வர வேண்டும்.

சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது போல, காரிலும் சக்கரம் திரும்பும் அச்சு சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும். இதற்கு 'காஸ்டர்' என்று பெயர். நேருக்குத் திருப்பும் விசை பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது. லோகாஸ்ட் மாதிரி கார்களில் முன்பக்கம் எடை ரொம்பக் குறைவு, அதனால் இந்த விசையும் குறைவு. புது ஜாயின்ட்டுகளின் இறுக்கம் அதையும் தின்றுவிடும்.

மேல் விஷ்போனைச் சற்றுப் பின்னால் தள்ளி காஸ்டரைக் கூட்டுவதுதான் முறையான வழி. சிலர் டயரில் காற்றை ஏற்றி, சக்கரங்களை லேசாக வெளிப்பக்கம் பார்க்க வைத்து, சோதனையில் தேறிய கையோடு எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார்கள். பாஸ் ஆவது என்னவோ காகிதத்தில்தான். அந்தக் காரை ஓட்டப்போவதும் அதே ஆள்தான்.

இங்கே கட்டலாமா?

ஆசை வந்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இருக்கும் கிளாசிக் காரைப் பழைய நிலைக்கே மீட்டெடுப்பது வேறு, புதிதாக ஒன்றைக் கட்டுவது வேறு.

மீட்டெடுப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சக்கரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பி, டயர் எங்கும் உரசுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பாருங்கள். ஸ்டீயரிங் ஆர்மில் வெல்டிங் வேண்டவே வேண்டாம். கழற்றிய லாக் நட்டைத் திரும்பப் போடாதீர்கள், புதுசு போடுங்கள். முறுக்கி முடித்ததும் நட்டிலும் போல்ட்டிலும் சேர்த்து பெயின்டால் ஒரு கோடு. நட்டு தளர்ந்தால் கோடு விலகிவிடும், கண்ணுக்கே தெரியும்.